ஏன் எப்போதும் இரண்டு பேர்?

அன்புள்ள அக்கா,

அமெரிக்காவின் யூட்டா மாநிலக் குளிர்காலம் பற்றிய கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “எங்கள் தெருவில் பதினெட்டு வயதுப் பையன்கள் திடீரென்று காணாமல் போவார்கள், இரண்டு வருடம் கழித்து வேறொரு பாஷை பேசிக்கொண்டு திரும்பி வருவார்கள்.” அந்த வரியால்தான் இந்தக் கடிதம்.

நான் தைவானில், சின்சுவில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். போன மாதம் சிக்னலில் என் ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கமும் இரண்டு சைக்கிள்கள் வந்து நின்றன. வெள்ளைச் சட்டை, டை, ஹெல்மெட், நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. மெடிக்கல் ரெப் என்றுதான் முதலில் நினைத்தேன். விளக்கு பச்சையாவதற்குள் என் ஊர், படிப்பு, கல்யாணம் ஆகிவிட்டதா என்பதுவரை கேட்டுவிட்டார்கள். என் சீனத்தைவிட அவர்கள் சீனம் நன்றாக இருந்தது. நான் வந்து மூன்று வருடம் ஆகிறது, அவர்களில் ஒருவன் வந்து ஏழு மாதம்தான்.

அடுத்த முறை பார்த்தபோது டீ குடிக்கக் கூப்பிட்டேன். டீ குடிப்பதில்லையாம். தைவானில் டீ குடிக்காமல் எப்படி இருக்கிறார்கள்? ஒருவன் கடைக் கழிவறைக்குப் போனான். மற்றவன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டான். லேப்பில் எல்லோரும் இவர்கள் சி.ஐ.ஏ. என்கிறார்கள். எனக்குப் பாவமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. இது மூளைச்சலவையா? நாள் முழுக்க என்ன செய்கிறார்கள்? ஏன் எப்போதும் இரண்டு பேர்? இவர்களை எப்படித் தவிர்ப்பது என்றும் சொல்லுங்கள்.

கே.எஸ்., சின்சு

*

அன்புள்ள கே.எஸ்.,

கழிவறை வாசலில் நின்றவனைக் கவனித்தீர்களே, பாதி பதில் அங்கேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

இவர்கள் மார்மன்கள், ‘மிஷன்’ என்கிற மதப் பிரசாரப் பணிக்கு வந்தவர்கள். 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை. தலைமையிடம் சால்ட் லேக் சிட்டி, எங்கள் வீட்டிலிருந்து காரில் அரைமணி நேரம். மார்மன் என்ற பெயர் இப்போது அவர்களுக்குப் பிடிப்பதில்லை, 2018-லிருந்து முழுப்பெயரைச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறார்கள். தமிழில் அது ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’. சிக்னல் பச்சையாவதற்குள் சொல்லி முடிகிற பெயர் இல்லை என்பதால் நான் மார்மன் என்றே எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அம்மா மன்னிக்கட்டும்.

அந்த அம்மாவின் மகன் போனதும் தைவானுக்குத்தான். நான் இங்கே எழுதுவதில் முக்கால்வாசி அவன் எங்கள் வீட்டுச் சமையலறையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்னது.

எந்த நாட்டுக்கு என்று இவர்கள் கேட்டு வாங்க முடியாது. விண்ணப்பம் போட்டால் தலைமையிடத்தில் முடிவு செய்து அனுப்புவார்கள். அந்த ‘அழைப்பு’ வந்த மாலை எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் உலகப் படம், கையில் ஆளுக்கொரு குண்டூசி. என் மகள் பிரேசிலில் குத்தினாள், என் கணவர் கானாவில். பையன் லேப்டாப்பைத் திறந்து வாசித்தான்: தைவான், தைச்சுங், மாண்டரின் மொழி. அவன் அம்மா போட்ட சத்தத்தில் நாய் மேசைக்கடியில் ஓடிவிட்டது. பாட்டி மட்டும் என் காதருகே, “அது தாய்லாந்துக்குப் பக்கமா?” என்று கேட்டார்.

ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம். முன்பு ஆண்கள் 19 வயதிலும் பெண்கள் 21 வயதிலும்தான் போக முடியும். 2012-ல் அதை 18, 19 என்று குறைத்தார்கள், 2025-ல் பெண்களுக்கும் 18 ஆக்கினார்கள். சம்பளம் கிடையாது. சம்பளம் என்ன, பணமே இவர்கள்தான் கட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு மாதம் 400 டாலராக இருந்தது, 2020 ஜூலையிலிருந்து 500. விலைவாசி ஏறிய ஊருக்குப் போனாலும் மலிவான ஊருக்குப் போனாலும் ஒரே தொகைதான், பொதுவில் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். இந்தப் பையன் மூன்று கோடை புல் வெட்டிச் சேர்த்தான். எங்கள் புல்லும் அதில் உண்டு.

கிளம்புமுன் ப்ரோவோ நகரத்துப் பயிற்சி மையத்தில் மொழிப் பயிற்சி. சீனத்துக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் அதே மொழியில் மிஷன் முடித்துத் திரும்பிய இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுக்காரர்கள். ‘மனந்திரும்புதல்’, ‘ஞானஸ்நானம்’ எல்லாவற்றையும் சீனத்தில் சரளமாகச் சொல்லக் கற்றுக்கொண்டு போய் இறங்கியிருக்கிறான். முடிவெட்டும் கடையில், பக்கத்தில் மட்டும் குறையுங்கள் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த வாரம் அவன் அம்மா எனக்குக் காட்டிய படத்தில் சிறைக்குப் போய்வந்தவன் மாதிரி இருந்தான். நீங்கள் சிக்னலில் பார்த்த பையன் ஏழு மாதத்தில் உங்களை மிஞ்சியதற்குக் காரணம் திறமை இல்லை. நீங்கள் லேப்பில் ஆங்கிலத்தில் காலம் தள்ளுகிறீர்கள். அவன் தினமும் எட்டு மணி நேரம் முன்பின் தெரியாத ஆட்களிடம் பேசியே ஆக வேண்டும்.

நாளின் கணக்கு இதுதான். காலை 6:30-க்கு எழ வேண்டும். அரைமணி உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. பிறகு தனியாக வேதப் படிப்பு, இருவருமாகச் சேர்ந்து படிப்பு, மொழிப் படிப்பு. வெளியே கிளம்பினால் இரவு ஒன்பதை ஒட்டித்தான் அறைக்குத் திரும்புவார்கள். அடுத்த நாளுக்குத் திட்டம் எழுதி 10:30-க்கு விளக்கணைக்க வேண்டும். சினிமா இல்லை, டி.வி. இல்லை, காதல் இல்லை. நீந்தவும் கூடாது. தைவான் மாதிரி ஒரு தீவில் இரண்டு வருடம் இருந்துவிட்டுக் கடலில் கால் மட்டும் நனைத்துவிட்டு வந்தான். டீ, காபி, மது, புகையிலை ஆகாது என்பது மிஷனரிகளுக்கு மட்டுமல்ல, மார்மன்கள் எல்லோருக்கும். 1833-ல் அறிவுரையாக வந்தது, பிறகு கட்டாயமானது.

வாரத்தில் ஒரு நாள், அநேகமாகத் திங்கட்கிழமை, துணி துவைக்கவும் மளிகை வாங்கவும் வீட்டுக்குப் பேசவும் விடுவார்கள். வீட்டுக்கு வாராவாரம் பேசலாம் என்பதே 2019 பிப்ரவரியில் வந்த சலுகை. அதற்கு முன் கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை, அன்னையர் தினத்துக்கு ஒரு முறை, அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் வாரம் ஒரு மின்னஞ்சல். எங்கள் தெருவில் மூத்த பிள்ளையை அப்படி அனுப்பிய ஒரு அம்மா, இப்போது இளையவனிடம் வாராவாரம் வீடியோவில் பேசிவிட்டு, “இது மிஷனா, ஹாஸ்டலா?” என்று அலுத்துக்கொள்கிறார். அலுப்பு சும்மாதான். திங்கட்கிழமை அவர் யார் போனையும் எடுப்பதில்லை.

பெயர் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு வீட்டுப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். ‘எல்டர்’ என்று முன்னால் போட்டுக் குடும்பப் பெயர் மட்டும். தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்குத் தெரியும், ‘மூப்பர்’. சீனத்தில் ஜாங்லாவ். மீசை சரியாக முளைக்காத மூப்பரைப் பார்த்துத் தைவான் பாட்டிகள் வாய்விட்டுச் சிரிப்பார்களாம்.

இனி உங்கள் கழிவறைக் கதவு.

இயேசு சீடர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்று மாற்கு சுவிசேஷத்தில் வருகிறதல்லவா, இவர்கள் அதை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கூட இருப்பவனுக்குக் ‘கம்பானியன்’ என்று பெயர். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிற, கேட்கிற தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும். ஒரே அறையில் தூக்கம், தனித்தனிக் கட்டில். தனியாக இருக்கலாம் என்றால் குளிக்கிற நேரமும் நீங்கள் பார்த்த அந்த நேரமும்தான். யாரோடு இருப்பது என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது. பல குடும்பத்தில் இந்தக் காலத்தில் கல்யாணத்துக்குக்கூட அப்படி இல்லை.

ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாறுதல் அறிவிப்பு வரும். மிஷன் தலைவர் என்று ஒருவர் மனைவியோடு மூன்று வருடம் அந்த ஊரில் தங்கி இந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். யார் யாரோடு, எந்த ஊரில் என்பது அவர் கையில். நல்ல ஜோடியைப் பிரித்தும் விடலாம், சரிப்படாத ஜோடியை இன்னும் ஆறு வாரம் வைத்திருக்கவும் செய்யலாம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒருவன் அமைந்தான். பல்லிடுக்கில் விசிலடித்துக்கொண்டே இருப்பானாம், அதுவும் ஒரே ராகத்தை. அதற்காக ஒருவனை வெறுக்க முடியும் என்பதே தனக்கு அப்போதுதான் தெரிந்தது என்றான். கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம் என்றால் அவனும் கூடவே வருவான், விசிலோடு.

இதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, உன்னிடம் எனக்குப் பிடித்தது இது, என்னை வருத்துவது இது என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘இன்வென்ட்டரி’, கடையில் சரக்கிருப்பு எடுப்பதற்குச் சொல்கிற அதே வார்த்தை. இவன் மூன்று வாரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு நாலாவது வாரம் விசில் என்றிருக்கிறான். அந்தப் பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தான் விசிலடிப்பதே அவனுக்குத் தெரியாது. அப்புறம் அவன் முறை வந்தது. நீ ராத்திரி தூக்கத்தில் அழுகிறாய், முதல் வாரத்திலிருந்தே, அதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்றானாம்.

ஒருவர் பொறை இருவர் நட்பு என்று நம்மிடம் ஒரு பழைய சொல் உண்டு. நான் இந்தப் பையனிடம் அதை ஆங்கிலத்தில் சொல்ல முயன்று சொதப்பினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. பொறுத்துக்கொண்டது தான்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் என்றான்.

அதனால்தான் இந்த வாழ்க்கையில் கடினமானது மூடிய கதவுகள் என்று நான் நினைக்கவில்லை. அதுவும் உண்டுதான். தைவானில் அடுக்குமாடி வாசலில் காவல்காரர் இருப்பார், உள்ளே விடமாட்டார். அதனால்தான் உங்கள் சிக்னல். யாரும் திட்டுவதில்லை. “நாங்கள் பாய்பாய் (கோயில் கும்பிடு) செய்கிறவர்கள்” என்று சிரித்துக்கொண்டே ஊதுபத்தி பிடிக்கிற மாதிரி கையைக் காட்டுவார்கள், விளக்கு பச்சையாகிவிடும். உலகம் முழுக்க 2024 இறுதியில் 74 ஆயிரத்துக்கு மேல் மிஷனரிகள், அந்த ஆண்டு புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் சுமார் 3 லட்சம். வகுத்தால் ஆளுக்கு வருடத்துக்கு நாலு பேர். சராசரிதான் இது. ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் கூடுதல், ஐரோப்பா, ஜப்பான் பக்கம் வருடக்கணக்கில் ஒன்றுமே இல்லாமல் திரும்புகிறவர்கள் உண்டு. பின்னாளில் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மிட் ராம்னி 1966-ல் பிரான்சுக்குப் போனார். திராட்சை மது விளைகிற பூமியில் மது கூடாது என்று சொல்லும் மதத்தைக் கதவு கதவாகத் தட்டிச் சொல்லியிருக்கிறார். பிறகு தேர்தலில் ஓட்டுக் கேட்டது அவருக்கு ஒன்றும் பெரிதாகத் தெரிந்திருக்காது.

சி.ஐ.ஏ. சந்தேகம் பல நாடுகளில் உண்டு, உங்கள் லேப்புக்கு மட்டும் சொந்தமில்லை. இவர்கள் உளவாளிகள் இல்லை. இங்கே மொழி தெரிந்த ஆட்களுக்கு அலைகிற எல்லாத் துறைகளும் மிஷன் முடித்தவர்களைத் தேடி எடுக்கின்றன என்பது உண்மைதான். ஜான் ஹன்ட்ஸ்மன் தைவானில் மிஷனரியாக இருந்தவர். பின்னாளில் யூட்டா ஆளுநர், 2009-ல் சீனாவுக்கு அமெரிக்கத் தூதர். எங்கள் ஆபீஸிலேயே பக்கத்து மேசையில் பிலிப்பைன்ஸின் டாகலாக், எதிர் மேசையில் போர்த்துகீசியம். பெருமைக்குச் சொல்லவில்லை, பாஸ்போர்ட்டே இல்லாத ஊரிலிருந்து வந்தவர்கள் போல முகம், வாயைத் திறந்தால் மணிலா.

மூளைச்சலவையா என்கிறீர்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது, நமக்கு ஒவ்வாத நம்பிக்கைக்கு மட்டும்தான் அதைச் சொல்கிறோம். ஆனால் பதினெட்டு வயதில் இங்கே ஒரு பையன் இதை எவ்வளவு தானாக முடிவு செய்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இங்கே குழந்தைகளுக்கு மூன்று அறை உண்டியல் வாங்கிக் கொடுப்பார்கள்: சபைக்கான தசமபாகம், மிஷன், சேமிப்பு. நாலு வயதிலிருந்து காசு போட்ட அறையைப் பதினெட்டில் திறக்காமல் இருக்க எத்தனை பேரால் முடியும்? முடித்துத் திரும்புகிறவர்களைப் பார்க்க விமான நிலையத்தில் பலூனும் பதாகையுமாகக் கூட்டம் நிற்கும். 2020-ல் திறந்த புதிய விமான நிலையத்தில் அதற்கென்றே ஒரு கூடம் கட்டியிருக்கிறார்கள். எங்கள் தெரு முனை வீட்டுப் பையன் ஐந்தாம் மாதம் மனசு உடைந்து திரும்பி வந்தான். அவன் அப்பா மட்டும் போய்க் கூட்டிவந்தார். கார் நேராக கராஜுக்குள் போய் ஷட்டர் இறங்கியது. தெருவில் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, யாரும் ஒரு வார்த்தை பேசவே இல்லை. நானும்தான். என்ன கேட்பது என்று தெரியவில்லை என்பது என் சாக்கு.

தவிர்ப்பது சுலபம். விருப்பமில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள், அதோடு விட்டுவிடுவார்கள். “அப்புறம் பார்க்கலாம்” என்று மட்டும் நம்மூர்ப் பழக்கத்தில் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் திட்டத்தில் அது அடுத்த சந்திப்பாகப் பதிவாகிவிடும், சரியாக வந்து நிற்பார்கள். வாராவாரம் இலவச ஆங்கில வகுப்பு நடத்துகிறார்கள், உங்களுக்கு அது தேவைப்படாது. வேண்டுமானால் அவர்களிடம் சீனம் பேசிப் பழகலாம், பையன்களுக்கும் வேலை மாதிரி இருக்காது.

டீக்குப் பதில் அங்கே தடியங்காயும் சர்க்கரையும் காய்ச்சிச் செய்கிற பானம் கிடைக்குமே, பெயரில் மட்டும்தான் டீ. பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு வருடமும் அதைக் குடித்தே ஓட்டினான். வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் திங்கட்கிழமை பாருங்கள், துணி துவைக்கும் கடையில் இருப்பார்கள். ஒருவனிடம் மட்டும் பேசிக்கொண்டிருக்காதீர்கள். மற்றவனையும் பெயர் கேளுங்கள், எல்டர் இல்லாத பெயரை.

அன்புடன்.