அவெர்ஸா, அட்வெர்ஸா? ஒரு ‘டி’ படுத்தும் பாடு

கேள்வி: வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தில் ‘ஐ ஆம் அட்வெர்ஸ் டு நைட் ஷிஃப்ட்’ என்று எழுதியிருக்கிறேன். ‘அவெர்ஸ்’ என்றுதான் வர வேண்டும் என்கிறார் நண்பர். கடிதத்தைத் தயாரித்துக் கொடுத்தவரோ இரண்டும் ஒன்றுதான் என்கிறார். எது சரி? பின்னால் ‘டு’ போடுவதா, ‘ஃப்ரம்’ போடுவதா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதே சரி. கடிதம் தயாரித்தவருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

‘அவெர்ஸ்’ மனிதரின் மனதைப் பற்றியது. ஒன்றில் நாட்டமில்லை, அதைக் கண்டால் ஒதுங்கிப் போகிறேன் என்று பொருள். ‘அட்வெர்ஸ்’ நமக்கு எதிராக வந்து நிற்கும் நிலைமையைப் பற்றியது: மோசமான வானிலை, மருந்து செய்யும் கெடுதல், பாதகமான தீர்ப்பு. நீங்கள் எழுதியபடி பார்த்தால் இரவுப் பணிக்கு நீங்களே ஒரு கெடுதல் என்றாகிறது! இரண்டுமே சரியான எழுத்துக்கூட்டல் உள்ள சொற்கள் என்பதால், கணினியின் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடாமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம். அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

அடுத்து ‘டு’வா ‘ஃப்ரம்’மா. ‘அவெர்ஸ்’ என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு ‘விலகித் திரும்புதல்’ என்று பொருள். அதனால் ‘ஃப்ரம்’ என்பதே முறை என்று 1755-இல் வெளிவந்த தன் அகராதியில் சாமுவேல் ஜான்சன் சொன்னார். 1926-இல், ஆங்கிலச் சொற்பயன்பாட்டுக்குக் கையேடு எழுதிய ஃபௌலர், அப்படி அடம்பிடிப்பது அரைகுறைப் படிப்பின் வேலை என்று ஒதுக்கிவிட்டார். இன்று ‘டு’ போடுங்கள், போதும். ‘அவெர்ஷன்’ என்ற பெயர்ச்சொல்லுக்கும் அதே ‘டு’தான். நாம் ‘அதன் மேல் வெறுப்பு’ என்று சொல்லிப் பழகியவர்கள். அந்த ‘மேல்’ கையோடு வந்து ‘அவெர்ஷன் ஆன்’ என்று எழுத வைத்துவிடும். இன்னொன்று, ‘அவெர்ஸ் டு’வுக்குப் பிறகு வினை வந்தால் ‘வொர்க்’ அல்ல, ‘வொர்க்கிங்’.

வெறுப்பு என்றேன், ஆனால் ‘ஹேட்ரெட்’ அளவுக்கு இதில் சூடு கிடையாது. அது எதிர்த்து நிற்கும். இது முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். ஒத்த சொற்கள், எதிர்ச்சொற்கள் என்று பட்டியலை உருப்போட வைத்து மதிப்பெண் போடும் தேர்வுமுறை இந்த வித்தியாசத்தையெல்லாம் தட்டித் தரைமட்டமாக்கிவிட்டது. ‘நூறு கடினச் சொற்கள், ஒரே வாரத்தில் சரளம்’ என்று விற்பவர்களுக்கு அதே பட்டியல்தான் முதலீடு. சொல்லைத் தருவார்கள், அது எந்த வாக்கியத்தில் உட்காரும் என்று கேட்டால் பதில் வராது.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விண்ணப்பங்களில் அது அடிக்கடி வாரிவிடுகிறது. ‘நாட் அவெர்ஸ் டு’ என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘வெறுப்பு இல்லை’ என்றுதான் வரும். ஆங்கிலக்காரர் காதில் அது அப்படி விழாது. ‘கொடுத்தால் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்’ என்று நாம் ஒரு சிரிப்போடு சொல்வோமே, அந்தத் தொனி. இன்னொரு துண்டு இனிப்புக்கும் மதியம் ஒரு குட்டித் தூக்கத்துக்கும் அது பொருந்தும். லேசாக ஆசை உண்டு, வெளிப்படையாக ஒத்துக்கொள்ளக் கூச்சம். இதையே ‘ஐ ஆம் நாட் அவெர்ஸ் டு ஹார்ட் வொர்க்’ என்று எழுதினால், உழைப்பைப் பற்றி நீங்கள் கேலி பேசுவதுபோல் இருக்கும். இல்லையென்றால் அரை மனதோடு சம்மதிப்பதுபோல் இருக்கும். எழுதித் தருபவர்கள் இதைக் கம்பீரமான வாக்கியம் என்று நினைத்துத்தான் சேர்க்கிறார்கள். ‘நாட்’ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். ‘டி’யை எடுத்துவிட்டால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனாலும் நான் அந்த வாக்கியத்தையே வைக்க மாட்டேன். ‘இரவுப் பணி எனக்கு ஒவ்வாது’ என்று முதல் கடிதத்திலேயே முகம் திருப்புவானேன்? ‘ஐ வுட் ப்ரிஃபர் டே ஷிஃப்ட்ஸ்’ என்று எழுதுங்கள். முடியவே முடியாது என்றால் ‘ஐ ஆம் அனேபிள் டு வொர்க் நைட்ஸ்’. இரண்டையும் படிக்க யாருக்கும் அகராதி தேவைப்படாது.