ரோமில் ஒரே ஒரு நாள்தானா? கேளுங்கள், சொல்கிறேன்

ரோமுக்குப் பலமுறை போனவன், போகிற நண்பர்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கிறவன் என்ற தகுதியில் இந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: காலையில் இறங்கி இரவு கிளம்புவதற்குள் எதையெல்லாம் பார்க்கலாம்? அதிலிருந்தே தொடங்குகிறேன். கட்டணமும் திறக்கும் நேரமும் அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் சொந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வணக்கம் சார். ஜூன் கடைசியில் ஒரு நாள் ரோம். கொலோசியம், ஃபோரம், வாடிகன் அருங்காட்சியகம், சிஸ்டைன் சேப்பல், பாந்தியன், ட்ரெவி நீரூற்று எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. எந்த வரிசையில் போவது?

வரிசை போடும் முன் பட்டியலைப் பாதியாக்குங்கள். நேரம் குறித்த டிக்கெட்டோடு உள்ளே போகவேண்டிய பெரிய இடங்கள் இரண்டு. கொலோசியமும் அதை ஒட்டிய ஃபோரமும் (பழைய ரோமின் பொதுச் சதுக்கம், இன்று இடிபாடுகள்) ஒன்று, வாடிகன் அருங்காட்சியகம் இன்னொன்று. இரண்டுமே அரை நாளை விழுங்கும், நகரின் இரு முனைகளில் இருக்கின்றன. இரண்டுக்கும் டிக்கெட் எடுத்தால் நாள் முழுக்கக் கடிகாரத்தைத்தான் பார்ப்பீர்கள். ஒரு நாளுக்கு ஒரு டிக்கெட், மற்றதெல்லாம் நடை. என் கணக்கு இதுதான்.

முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது பழைய ரோம். காலை 8:30-க்குக் கொலோசியம் திறக்கும்போதே நுழையுங்கள். ஒன்றேகால் மணி நேரம் போதும். பிறகு ஃபோரமும் பாலட்டைன் குன்றும். அங்கே தாராளமாக இரண்டு மணி நேரம் கொடுங்கள். வெளியே வந்து காம்பிடோலியோ மேட்டில் ஏறினால் மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கம் இருக்கிறது. அங்கிருந்து பியாட்சா வெனிசியா வழியாகப் பாந்தியன், பிறகு பியாட்சா நவோனா, இருட்டிய பின் ட்ரெவி. எல்லாமே நடக்கும் தூரம். பாந்தியனுக்கும் டிக்கெட் உண்டு, 5 யூரோ. ஆனால் அது நாளைக் கட்டிப்போடுகிற டிக்கெட் அல்ல.

கேள்வி: கொலோசியம் டிக்கெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாமா?

அந்த ஆசை வேண்டாம். சாதாரண டிக்கெட் 18 யூரோ. ஃபோரமும் பாலட்டைனும் அதிலேயே அடக்கம், 24 மணி நேரம் செல்லும். சுமார் ஒரு மாதம் முன்பே விற்பனைக்கு வரும், காலை நேரங்கள் முதலில் தீரும். டிக்கெட்டில் உங்கள் பெயர் அச்சாகும், வாசலில் அடையாள ஆவணம் கேட்பார்கள். பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். தரைக்கு அடியில் உள்ள அறைகளைக் காட்டும் டிக்கெட் கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லை என்று இடைத்தரகருக்கு இரண்டு மடங்கு கொடுக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று: மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம். ஒரு நாள் மட்டும் இருப்பவர் அந்த இலவசத்தைத் தொடவே கூடாது. வரிசையிலேயே பாதி நாள் போய்விடும்.

கேள்வி: ஃபோரம் வெறும் கல் குவியல், நேரம் வீண் என்று நண்பன் சொல்கிறான். விட்டுவிடலாமா அண்ணா?

உங்கள் நண்பர் வழிகாட்டி இல்லாமல் போயிருப்பார். கொலோசியத்துக்கு விளக்கம் அதிகம் தேவையில்லை. பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கியது, அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80-ல் திறந்து வைத்தது, சுமார் 50,000 பேர் உட்கார்ந்த இடம். பார்த்தாலே பிரமிப்பு வந்துவிடும். ஃபோரம் அப்படியல்ல. சொல்ல ஆள் இருந்தால்தான் கல் பேசும். வழிகாட்டிக்குச் செலவழிக்கும் எண்ணம் இருந்தால் அதை ஃபோரத்தில் செய்யுங்கள்.

சரி, ஆள் இல்லையென்றால் இரண்டை மட்டும் தேடிப் பிடியுங்கள். ஒன்று, டைட்டஸ் வளைவின் உட்பக்கச் சிற்பம். எருசலேம் கோயிலைக் கொள்ளையடித்து ஏழு கிளை விளக்கைத் தூக்கி வரும் வீரர்களை அதில் செதுக்கியிருக்கிறார்கள். இன்னொன்று, ஜூலியஸ் சீசரை எரித்த இடத்தில் எழுப்பிய கோயிலின் அடிப்பகுதி. தகரக் கூரைக்குக் கீழே ஒரு மண்மேடு, அவ்வளவுதான். இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் யாராவது வந்து அங்கே பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கேள்வி: எனக்கு வாடிகன்தான் முக்கியம். கொலோசியத்தை வெளியிலிருந்து பார்த்தால் போதும். அப்போது?

நல்ல முடிவு. மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த சிஸ்டைன் சேப்பல் கூரைக்காகவே ரோம் வருகிறவர்கள் உண்டு. முதலில் கிழமையைப் பாருங்கள். வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்று கூட்டம் தாங்காது. திங்களன்று ரோமின் பல அருங்காட்சியகங்கள் மூடுவதால் எல்லோரும் இங்கே வந்து குவிவார்கள். புதன் காலை போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு இருந்தால் புனித பீட்டர் பேராலயத்துக்குள் விடமாட்டார்கள். செவ்வாய், வியாழன், வெள்ளியில் ஒன்று கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

உள்ளே காட்சிக்கூடங்களின் நீளம் மொத்தம் ஏழு கிலோமீட்டர் என்று சொல்வார்கள். எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் சிஸ்டைனுக்கு வரும்போது கழுத்தைத் தூக்கக்கூடத் தெம்பு இருக்காது. லாவோகூன் சிலை, ரஃபேல் அறைகள், சிஸ்டைன். இந்த மூன்றுக்கு மட்டும் நின்று, மற்றதை நடந்தபடியே பாருங்கள். சிஸ்டைனில் படம் எடுக்க அனுமதி இல்லை. அதுவும் நல்லதற்கே.

கேள்வி: இரண்டும் வேண்டும் என்று மனைவி பிடிவாதம். வழியே இல்லையா?

ஒரு வழி உண்டு. அருங்காட்சியகத்தை விட்டுவிட்டுப் பேராலயத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, காலை 7 மணிக்கே திறக்கும். அந்த நேரத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசை சின்னதாக இருக்கும், பத்து மணிக்கு அதுவே சதுக்கத்தைச் சுற்றி வளைந்திருக்கும். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் மைக்கேலாஞ்சலோவின் பியட்டா சிலை. 8:30-க்கு வெளியே வந்தால் 10:30 அல்லது 11 மணிக் கொலோசியம் டிக்கெட்டுக்குச் சாவகாசமாகப் போய்ச் சேரலாம். சிஸ்டைன் மட்டும் கிடைக்காது. அதைச் சொல்லிச் சம்மதம் வாங்குவது உங்கள் பொறுப்பு.

கேள்வி: நாங்கள் சொகுசுக் கப்பலில் வருகிறோம். சிவிதாவெக்கியாவில் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை நிற்கும்.

உங்களுக்குத் திட்டம் தலைகீழ். சிவிதாவெக்கியாவிலிருந்து சாதாரண ரயில் ரோமின் டெர்மினி நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். அதற்கு முன்பே ரோமா சான் பியெத்ரோ என்ற சின்ன நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து புனித பீட்டர் சதுக்கம் நடக்கும் தூரம். அங்கே இறங்கி வாடிகனை முடித்துக்கொண்டு, ஆற்றைக் கடந்து நவோனா, பாந்தியன் என்று நடந்து, அதே வழியில் திரும்புவது கப்பல்காரர்களுக்கு வசதி. கொலோசியம்தான் வேண்டும் என்றால் டெர்மினி வரை வந்து மெட்ரோ ‘பி’ வழித்தடத்தில் இரண்டாவது நிறுத்தம். எதுவானாலும் கப்பலில் ஏறச் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருப்பது மாதிரி ரயில் பிடியுங்கள். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அபூர்வமல்ல, முந்தைய நாள் செய்தியைப் பாருங்கள்.

கேள்வி: சென்னைக்குத் திரும்பும் வழியில் ஃபியுமிசினோ விமான நிலையத்தில் 11 மணி நேரம் காத்திருப்பு. வெளியே போய் வரலாமா?

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வேண்டும். ஒருமுறை நுழையும் விசாவை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் முடியாது. விசா சரியென்றால் லியொனார்டோ எக்ஸ்பிரஸ் நடுவில் எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் டெர்மினி சேர்க்கும், 14 யூரோ. பெட்டியை அங்கேயே பொருள் பாதுகாப்பறையில் போடுங்கள், உருட்டுப் பெட்டியோடு கொலோசியத்துக்குள் விடமாட்டார்கள். கையில் ஐந்தரை மணி நேரம் நிற்கும். அதில் எதற்கும் முன்பதிவு செய்யாதீர்கள். விமானம் தாமதித்தால் காசு போச்சு. கொலோசியத்தை வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு, காம்பிடோலியோவின் பின்பக்க மேடையிலிருந்து ஃபோரம் முழுவதையும் இலவசமாகப் பாருங்கள். அப்புறம் பாந்தியன், ட்ரெவி.

கேள்வி: அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு முழங்கால் வலி. ரோம் சரிப்படுமா?

சரிப்படும், திட்டத்தை மட்டும் மாற்றவேண்டும். கொலோசியத்தில் லிஃப்ட் இருக்கிறது. ஃபோரத்தின் பழைய கற்சாலை முழங்காலுக்கு எதிரி, அதை மேலே சொன்ன மேடையிலிருந்து காட்டுங்கள். நகர நடுவில் எங்கும் சின்னச் சின்னக் கருங்கல் பதித்திருப்பார்கள், மழையில் வழுக்கும், ரப்பர் அடி வைத்த செருப்பு அவசியம். பாந்தியனுக்குள் படி ஏறும் வேலை இல்லை. புனித பீட்டர் பேராலயத்தின் குவிமாடத்துக்கு மொத்தம் 551 படி, லிஃப்டில் போனாலும் அதன் பிறகு முந்நூற்றுச் சொச்சம் ஏறவேண்டும். அம்மாவைக் கீழேயே உட்கார வையுங்கள். டாக்ஸி வெள்ளை நிறத்தில் இருக்கும், அதற்கான நிறுத்தத்தில் போய் ஏறுங்கள்.

கேள்வி: அம்மாவின் கேள்வி: சேலை கட்டிக்கொண்டு தேவாலயத்துக்குள் போகலாமா?

தாராளமாகப் போகலாம் அம்மா. தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும், அவ்வளவுதான் விதி. அரைக்கால் சட்டை போட்ட பேரன்களைத்தான் வாசலிலேயே நிறுத்துவார்கள்.

கேள்வி: பாந்தியன் ஒரு கட்டிடம்தானே, ஏன் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்?

உள்ளே போய் நிமிர்ந்து பாருங்கள். பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்த கட்டிடம். குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே அளவு. அதாவது உள்ளே ஒரு முழு உருண்டை கச்சிதமாக உட்காரும். கம்பி வைக்காத கான்கிரீட்டில் உலகிலேயே பெரிய குவிமாடம் இன்றும் இதுதான். மேலே போகப்போக எடை குறையட்டும் என்று கலவையில் லேசான எரிமலைக்கல்லைச் சேர்த்து, கனத்தையும் குறைத்துக்கொண்டே போய், உச்சியில் சுமார் ஒன்பது மீட்டர் வட்டத்தைத் திறந்தே விட்டுவிட்டார்கள். மழை நேராக உள்ளே கொட்டும், தரையில் உள்ள துளைகளில் வடிந்துவிடும். மழை நாளில் ரோமில் மாட்டிக்கொண்டால் நான் போகச் சொல்லும் முதல் இடம் இது. ரஃபேல் கல்லறையும் இங்கேதான்.

கேள்வி: டிக்கெட்டே இல்லாமல், கூட்டமும் இல்லாமல் நல்ல இடம் உண்டா?

பாந்தியனிலிருந்து நவோனா போகும் வழியில் சான் லூயிஜி தேய் ஃபிரான்சேசி என்ற தேவாலயம். புனித மத்தேயுவைப் பற்றிக் காரவாஜ்ஜியோ வரைந்த மூன்று ஓவியங்கள் இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் இருக்கின்றன. பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கொலோசியத்துக்கு அருகே சான் பியெத்ரோ இன் வின்கோலியில் மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலை, அதுவும் இலவசம். ஒன்று நினைவிருக்கட்டும், இந்தச் சின்னத் தேவாலயங்கள் பலவற்றில் நம் ஊர்க் கோயில் மாதிரியே மதியம் நடை சாத்திவிடுவார்கள். பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் பரவாயில்லை என்றால் கொலோசியத்தின் பின்னால் சான் கிளெமென்தே. மேலே 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், படி இறங்கினால் 4-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்கும் கீழே பழைய ரோமானியக் கட்டிடமும் மித்ரா வழிபாட்டு அறையும். ஃபோரத்தில் கால் வலித்து ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் அதை இங்கே போடுங்கள்.

கேள்வி: நமக்கும் ரோமுக்கும் சம்பந்தமான எதையாவது காட்ட முடியுமா?

ஆகா, இதற்காகத்தான் காத்திருந்தேன். ஃபோரத்தில் மக்ஸென்டியஸ் மண்டபத்தின் பெரிய வளைவுகளுக்கு அடியில், பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்குகளின் எச்சம் இருக்கிறது. யவனர் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாட்டு சொல்கிறதே, அந்த மிளகு போய்ச் சேர்ந்த ஊர் இது. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) போய்விடுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியதும் இந்த வணிகத்தைப் பார்த்துத்தான். கொங்கு நாட்டில் கிடைக்கும் ரோமானியக் காசுகளுக்கு மறுமுனை ஃபோரம்.

அடுத்து நவோனாவில் பெர்னினி 1651-ல் முடித்த நான்கு ஆறுகள் நீரூற்று. நைல், டான்யூப், லா பிளாட்டா, நான்காவது கங்கை! நமக்குத் தாய், பெர்னினிக்குத் துடுப்புப் பிடித்த தாடிக்காரர்.

கேள்வி: திருட்டு அதிகம் என்கிறார்களே?

அடிதடி இல்லை, பிக்பாக்கெட்தான். டெர்மினியிலிருந்து வாடிகன் பக்கம் போகும் 64-ஆம் எண் பேருந்து அதற்குப் பெயர் போனது. பையை முன்பக்கம் மாட்டுங்கள். கையில் கயிறு கட்டிவிட வருகிறவரிடமும் கிளாடியேட்டர் வேடக்காரரிடமும் சிரித்துக்கொண்டே விலகிவிடுங்கள். ஸ்பானியப் படிகளில் உட்கார 2019-லிருந்து தடை, அபராதம் 250 யூரோ வரை போகும்.

கேள்வி: ஏறி இறங்கும் சுற்றுலாப் பேருந்து எடுக்கலாமா? ஜூனில் வெயில் வேறு.

வேண்டாம். பாந்தியன், நவோனா பக்கத்துச் சந்துகளுக்குள் அது நுழையவே முடியாது, சுற்றிச் சுற்றி நெரிசலில் நிற்கும். மெட்ரோவில் வங்கி அட்டையைத் தட்டினால் போதும், ஒரு பயணம் 1.50 யூரோ. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும்.

வெயிலுக்கு மருந்து தெருவிலேயே இருக்கிறது. நகரெங்கும் இரும்புக் குழாய்களில் குடிநீர் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளையில் பீறிட்டு வரும், அப்படியே குடிக்கலாம். ஒரு காலிப் பாட்டில் போதும். காபியை நின்றுகொண்டே குடியுங்கள், மேஜையில் உட்கார்ந்தால் விலை ஏறும்.

கேள்வி: ட்ரெவிக்கு எப்போது போனால் நிம்மதியாகப் பார்க்கலாம்?

காலை ஏழுக்கு முன், அல்லது இரவு பத்தரைக்குப் பின். பகலில் நீரைவிடக் கைபேசிகள்தான் கண்ணில் படும். கி.மு. 19-ல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டிய கால்வாயின் வழியில் வரும் தண்ணீர்தான் 1762-ல் முடிந்த இந்த நீரூற்றுக்கும் வருகிறது. காசு போடுங்கள், அது ஏழைகளுக்கு உதவும் அமைப்புக்குப் போகிறது. கால்களை மட்டும் நனைக்காதீர்கள், காவலர் விசில் ஊதுவார். மெட்ரோ இரவு 11:30 வரை, வெள்ளி சனிகளில் 1:30 வரை. அதைப் பிடிக்க ஏறவேண்டிய நிலையம் பார்பெரினி, பத்து நிமிட நடை.