ஆலோசகரா, ஏஜென்ட்டா? மும்பைத் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

செம்பூர் வாசகர்: அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறேன். பி.எஃப். பணம் வருகிறது. நிதி ஆலோசகரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: பதிவு எண்ணைக் கேளுங்கள். ஐ.என்.ஏ. என்று தொடங்கினால் செபியில் (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவான முதலீட்டு ஆலோசகர், உங்களிடம் கட்டணம் வாங்குவார். ஏ.ஆர்.என். என்றால் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், ஃபண்ட் நிறுவனம் கமிஷன் கொடுக்கும். விசிட்டிங் கார்டில் இருவருமே 'வெல்த்' என்று ஏதாவது போட்டிருப்பார்கள். ஐ.என்.ஏ. எண்ணை செபி தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள், அவர் அனுப்பும் லிங்க்கில் வேண்டாம். அப்புறம், முதலீட்டுப் பணம் அவர் கணக்குக்கு ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

முலுண்ட் வாசகி: எங்கள் ஏஜென்ட் பத்து வருடமாக ஒரு பைசா வாங்கியதில்லை. எதற்குக் கட்டணம் கொடுப்பது?

பதில்: வாங்கியிருக்கிறார் அம்மா. ஸ்டேட்மென்ட்டில் ஃபண்ட் பெயரை ஒட்டி 'ரெகுலர்' என்று இருக்கிறதா? அதில் கமிஷன் அடக்கம், தினமும் என்.ஏ.வி.யிலேயே, அதாவது ஒரு யூனிட்டின் விலையிலேயே, கழிந்துவிடும். கமிஷன் இல்லாத 'டைரக்ட்' 2013 ஜனவரியிலிருந்தே இருக்கிறது. கமிஷன் வருடத்துக்கு ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 10 லட்சம் ரூபாய் 20 வருடத்தில் 11 சதவீதத்தில் சுமார் 80.6 லட்சம், 10 சதவீதத்தில் 67.3 லட்சம். அந்த 'ரெகுலர்' என்ற ஒரு வார்த்தை என் ஸ்டேட்மென்ட்டிலேயே ஆறு வருடம் கண்ணில் படவில்லை.

மாட்டுங்கா விநியோகஸ்தர்: சார், 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது எல்லாவற்றையும் விற்கப் போனவர்களை ராத்திரி பதினொரு மணிக்கு போனில் பிடித்து நிறுத்தியது நான். டைரக்ட்காரர்களுக்கு யார் இருந்தார்கள்?

பதில்: நியாயம். அந்த போனுக்குக் கூலி உண்டு, இல்லை என்று எங்கும் சொல்லவில்லை. வருடத்துக்கு எவ்வளவு என்று ரூபாயில் எழுதிக் கொடுங்கள், போதும்.

அவரே: ரூபாயில் சொன்னால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள்.

பதில்: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

டோம்பிவிலி வாசகர்: டெலிகிராமில் ஒருவர் மாதம் 5% உறுதி என்கிறார். சேரலாமா?

பதில்: வேண்டாம். பதிவுபெற்ற ஆலோசகர் இவ்வளவு லாபம் வரும் என்று உறுதி கொடுக்கவே கூடாது. பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று பார்த்தீர்களா?

சயான் வாசகி: எஃப்.டி. போடப் போன அப்பாவிடம் வங்கியில் காப்பீட்டுப் பாலிசிக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பாலிசி வந்து 12 நாள் ஆகிறது.

பதில்: மற்றதை அப்புறம் படியுங்கள். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பித் தரலாம், சிறு பிடித்தம் போக மீதிப் பணம் வரும். நாளைக் காலையே எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மேனேஜர் 'அடுத்த வாரம் பார்ப்போம்' என்றால் எழுந்து வராதீர்கள்.

தாராவி வாசகர்: ஐ.என்.ஏ. எண்ணை எங்கே சரிபார்ப்பது?

பதில்: முதல் பதில்.

வாஷி வாசகர்: ஆலோசகர் மேல் புகார் என்றால் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் செபி அலுவலகத்துக்கே போகலாமா?

பதில்: ரயில் காசு மிச்சம் பண்ணுங்கள். செபியின் இணையப் புகார்த் தளமான ஸ்கோர்ஸில் பதியுங்கள்.

காட்கோபர் வாசகர்: மச்சானுக்கு ஷேர் மார்க்கெட் அத்துப்படி. பதிவு எண் இல்லை. பணத்தை அவரிடமே கொடுத்துவிடலாமா?

பதில்: யார் கணக்குக்கு?