மொபைலில் நேராக இருக்கும் போட்டோ கணினியில் ஏன் படுத்துக்கொள்கிறது?

அநேகமாக போட்டோகிராபரைத் திட்டிவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். அவர் மேல் தப்பில்லை.

கேமராவை நிமிர்த்திப் பிடித்தாலும் படம் படுக்கை வசத்தில்தான் பதிவாகும். கூடவே எக்ஸிஃப் தகவலில், அதாவது படக் கோப்புக்குள்ளேயே கேமரா எழுதி வைக்கும் குறிப்பில், ஓர் எண் உட்காரும். 1 என்றால் அப்படியே காட்டு, 6 என்றால் வலப்பக்கம் 90 டிகிரி திருப்பிக் காட்டு, 8 என்றால் இடப்பக்கம், 3 என்றால் தலைகீழ். அந்த எண்ணை மதிக்கிற மென்பொருளில் படம் நிற்கும், மதிக்காததில் படுக்கும். விண்டோஸ் 7இன் போட்டோ வியூவர் மதிக்காது. குரோமே 2020இல், 81ஆம் பதிப்பில்தான், வெப் பக்கப் படங்களுக்கு இதைத் தானாகப் பின்பற்ற ஆரம்பித்தது.

பாதி வேலை பார்க்கிற மென்பொருள்தான் பெரிய தலைவலி. நான் ஆல்பம் டிசைன் செய்பவன். ஒரு கல்யாணத்தில், செலக்‌ஷனுக்குக் கொடுத்த படங்களை மாப்பிள்ளையின் தம்பி ஏதோ ஓர் இலவச மென்பொருளில் 'சரி' செய்து அனுப்பினார். அது பிக்சலைத் திருப்பிவிட்டு 6ஐ அப்படியே விட்டுவிட்டது. எண்ணை மதிக்காத அவர் கணினியில் நேராக இருந்தது, மதிக்கிற எங்கள் கணினியில் இன்னொரு முறை திரும்பியது. கோப்புக்குள்ளே இருக்கும் குட்டி முன்னோட்டப் படம் மட்டும் திருப்பப்படாத பழையது என்பதால் ஃபோல்டரில் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. திறந்தால் தாலி கட்டும் இடத்தில் மணமக்கள் படுத்திருக்கிறார்கள்! "எடுக்கும்போதே கோணலா எடுத்துட்டீங்களாண்ணே?" என்று என்னிடமே கேட்டார்.

எக்ஸிஃப் தகவலைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் அந்த எண்ணை 1 ஆக்கினேன், முடிந்தது.

"போட்டோஷாப்பில் திருப்பி சேவ் பண்ணினால் போதாதா?" என்று ஒருவர் கீழே கேட்பார், தெரியும். போதும்தான். ஆனால் ஜேபெக், அதாவது படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு, மறுபடி சுருக்கப்படும், தரம் கொஞ்சம் போகும். தரம் குறையாமல் திருப்ப ஜேபெக்டிரான் என்ற மென்பொருள் இருக்கிறது. அதிலும் படத்தின் நீள அகலம் பிக்சல் கணக்கில் 8 அல்லது 16இன் மடங்காக இல்லாவிட்டால் ஓரத்தில் தகராறு வரும். எண்ணை மாற்றினால் படத்தையே தொட வேண்டாம். நான் தொழில்நுட்ப நிபுணன் இல்லை, தினம் இதிலேயே கிடப்பவன், அவ்வளவுதான்.

ஆல்பம் தாமதம் என்று பழி என் மேல் விழுந்தது தனிக்கதை. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் முன்பணம் கொடுப்பவர்கள், ஆல்பக்காரனுக்கு மட்டும் "பாத்துட்டு தர்றோம்" என்பார்கள். அந்த வீட்டு பாக்கி இன்னும் வரவில்லை.

உங்கள் படத்தை எக்ஸிஃப்டூலில் பாருங்கள். எண் 6 அல்லது 8, மொபைலில் நேராகத்தான் தெரிகிறது என்றால் படத்தில் கை வைக்காதீர்கள், வியூவரை மாற்றுங்கள்.