பைக் விபத்தில் கால் முறிந்து நான்கு மாதம் ஆகிறது, இன்னும் வண்டிச் சாவியைத் தொடவே பயமாக இருக்கிறது. நீங்கள் எப்படி மீண்டு வந்தீர்கள், என்ன கற்றுக்கொண்டீர்கள்?

எனக்குப் பத்து மாதம் ஆனது. எலும்பு ஐந்தாவது மாதமே கூடிவிட்டது, டாக்டரும் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு இனி தாராளமாக நடக்கலாம் என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் ஐந்து மாதம் வண்டி பக்கம் போகாமல் இருந்ததற்குக் காரணம் கால் இல்லை. அதனால் நான்கே மாதத்தில் பயம் போகவில்லையே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

நடந்தது 2022 பிப்ரவரியில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வேலை திருச்சியில், வீடு புதுக்கோட்டையில், வாரக் கடைசியில் பைக்கில்தான் போவேன். கீரனூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் ஒரு மண் ரோடு வந்து மெயின் ரோட்டில் சேரும். அங்கிருந்து டிவிஎஸ் 50-இல் ஒரு பெரியவர், பின்னால் தன் உயரத்துக்குப் புல்லுக்கட்டு, திடீரென்று குறுக்கே ஏறிவிட்டார். பிரேக்கை மிதித்தேன், பின் சக்கரம் வழுக்கியது, வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து என் காலை அடியில் வைத்துக்கொண்டு தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போனது. அவர் மேல் படவே இல்லை.

இதுதான் நான் எல்லோரிடமும் சொன்ன கதை. இதில் ஒரு வார்த்தை பொய், அதற்குப் பிறகு வருகிறேன்.

விழுந்த உடனே வலி தெரியவில்லை. எழுந்து நிற்கப் பார்த்தேன், முட்டிக்குக் கீழே கால் தன்பாட்டுக்கு வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார், இன்னொருவர் எங்கிருந்தோ கோலி சோடா உடைத்துக்கொண்டு வந்தார். ரெண்டுமே பாசத்தில் செய்வது, ரெண்டுமே தப்பு. கழுத்தில் அடி இருந்தால் ஹெல்மெட்டை இழுக்கும்போது அது பெரிதாகிவிடும், வயிற்றில் எதுவும் போனால் ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பது சிக்கல். சோடாவை நான் குடித்துவிட்டேன், 108-இல் வந்தவர் அதற்காகவே என்னைத் திட்டினார். அந்த 108-க்குப் போன் செய்தது டிவிஎஸ் 50 பெரியவர்தான். வண்டி வரும் வரை என் தலைக்கு நிழல் விழுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். அப்போதும் மனசுக்குள் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

முழங்காலுக்குக் கீழே ரெண்டு எலும்பும் முறிந்திருந்தது. பெரிய எலும்புக்குள் ராடு விட்டார்கள். 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில்தான் தொடங்கியிருந்தது. விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அப்போது ஒரு லட்சம் வரை அரசே கொடுத்தது, காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. அது என் வீட்டில் யாருக்கும் தெரியாது, ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள். ஆனால் வண்டி இன்சூரன்ஸ் கைகொடுக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன் பாருங்கள், அது சுத்தமாகக் கைவிட்டது. தேர்டு பார்ட்டி, அதாவது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான இன்சூரன்ஸ் மட்டும்தான் போட்டிருந்தேன், என் வண்டிச் செலவு என் தலையில். கூடவே கட்டாயமாகப் பிடிக்கிறார்களே, உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு, அது உயிரோ உறுப்போ போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோதான். கால் முறிந்து, கூடி, நடந்துவிட்டால் அதில் ஒன்றும் வராது. உங்கள் பாலிசியை இன்றைக்கே ஒரு தடவை எடுத்துப் படித்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான கஷ்டம். ஒரு மாமா புத்தூர் கட்டுக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், ராடு உள்ளே போன பிறகும். அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டுக்கால் சூப், மற்ற நாளில் பிரண்டைத் துவையல். எலும்புக்கு அது எவ்வளவு உதவியதோ, எடை ஆறு கிலோ கூடியது. டாக்டர் வற்புறுத்தியது ஒன்றே ஒன்றுதான், சிகரெட்டை விடு, புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்றார். கழிவறைதான் பெரிய அவமானமாக இருந்தது. எங்கள் வீட்டில் குந்தி உட்கார்ந்து போகிற பழைய டாய்லெட், காலை மடக்க முடியாதவனுக்கு அது எதற்கு ஆகும்? நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியைத் தம்பி வாங்கி வந்தான், அவனேதான் முதல் மூன்று வாரம் குளிப்பாட்டியும் விட்டான். பத்து வருஷமாக அவனிடம் சரியாகப் பேசாமல் இருந்தவன் நான்.

படுத்தே கிடந்ததில் தொடை சூம்பிவிட்டது. ஆறாவது வாரம் ரெண்டு தொடையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இடது தொடை ஏதோ சின்னப் பையனுடையது போல இருந்தது, அதைப் பார்த்துத்தான் நான் முதல் தடவை அழுதேன். பிசியோதெரபிக்குப் போங்கள், விடாமல் போங்கள். ராடு முட்டி வழியாக உள்ளே போவதால் முட்டி இறுகிவிடும். எனக்கு முதல் நாள் 50 டிகிரிகூட மடங்கவில்லை. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டியால் அதை அமுக்க வேண்டும், பத்து எண்ணும் வரை. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், நமக்கு வேர்த்துக் கொட்டும்.

கதை மாறியது அங்கேதான். வலி தெரியாமல் இருக்க பிசியோதெரபிஸ்ட் பேச்சுக் கொடுத்துக்கொண்டே காலை மடக்குவார், சின்னப் பெண், படிப்பு முடித்து ரெண்டு வருஷம்தான் இருக்கும். என்னிடம் பேச வேறு என்ன இருக்கிறது? விபத்துக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒருநாள் சொல்லும்போது "ஹார்ன்கூட அடிச்சேங்க, அப்படியும் வந்துட்டாரு" என்று புதிதாக ஒரு வரி சேர்த்துவிட்டேன், நியாயம் கேட்கிற வேகத்தில். அவர் காலை விடாமலே கேட்டார், "ஹார்ன் எப்ப சார் அடிச்சீங்க? அப்போ அவரை முன்னாடியே பார்த்திருக்கீங்களே?"

பார்த்திருந்தேன். புல்லுக்கட்டு மண் ரோட்டில் வருவதைத் தூரத்திலேயே பார்த்தேன். ஹார்ன் அடித்தேன், நின்றுவிடுவார் என்று முடிவு செய்துகொண்டேன், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம்கூட விடவில்லை. அந்தப் பொய் வார்த்தை 'திடீரென்று'. குறைந்தது மூன்று வினாடி என்னிடம் இருந்தது, அதை ஹார்ன் அடிக்கச் செலவழித்துவிட்டேன். எழுபதில் போகும்போது ஒரு வினாடிக்கு 19 மீட்டருக்கு மேல் போய்விடுகிறோம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்தப் பெண் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அடுத்த ரெண்டு நாள் சிகிச்சைக்கே போகவில்லை.

அடுத்த அடி மெக்கானிக்கிடமிருந்து. விழுந்த வண்டி அவர் கடை ஓரத்தில் சாக்குப் போர்த்திக் கிடந்தது, நாலாவது மாதம் கட்டையை ஊன்றிக்கொண்டு பார்க்கப் போனேன். அவர் பின் டயரைச் சுழற்றி ஒரு இடத்தைக் காட்டினார், உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் வழித்துப்போய் மொட்டையாக இருந்தது. பின் பிரேக்கை மட்டும் ஏறி மிதித்ததில் சக்கரம் பூட்டிக்கொண்டு அப்படியே தேய்ந்திருக்கிறது. பிறகு முன் டிஸ்க்கைக் காட்டினார், நாலு வருஷ வண்டி, பேடு ஏறக்குறைய புதுசு. "முன் பிரேக்கை எதுக்குத் தம்பி வெச்சிருக்கான், அழகுக்கா?"

நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்குச் சித்தப்பா. சைக்கிள் பழகும்போதே சொன்னது, முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுவாய் என்று. பைக்குக்கும் அதையே கொண்டுவந்துவிட்டேன். உண்மை நேர் எதிர். பிரேக் பிடிக்கும்போது எடையில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குப் போகிறது, பின் சக்கரம் லேசாகிறது, லேசான சக்கரத்தை அழுத்திப் பிடித்தால் அது நிற்காது, வழுக்கத்தான் செய்யும். பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் என் வண்டியில் இல்லை, 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயமானது 2019-இல். அதற்குப் பிறகு தேடியதில் 1981-இல் அமெரிக்காவில் வந்த ஹர்ட் அறிக்கை கண்ணில் பட்டது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்திருக்கிறார்கள். அதிலும் இதே கதை, பெரும்பாலோர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்து வழுக்கியிருக்கிறார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. அவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ வீட்டார், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். அங்கேயும் சித்தப்பாக்கள் இருந்திருக்கிறார்கள்! அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது, வேறு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் ரெண்டு பங்கு, தப்பு எதிர் வண்டிக்காரருடையது. ஆக பெரியவர் மேலும் தப்புதான், நான் அவரை விடுவிக்கவில்லை. ஆனால் அவரை என்னால் திருத்த முடியாது, முன் பிரேக்கைப் பிடிக்க வேண்டிய என் வலது கையைத் திருத்த முடியும்.

விநோதம் என்னவென்றால், என் தப்பு இது என்று தெரிந்த பிறகுதான் பயம் கொஞ்சம் இறங்கியது. எவனோ எங்கிருந்தோ திடீரென்று வருவான் என்று நம்பிக்கொண்டிருக்கும் வரை எப்படி வண்டியை எடுப்பது? அதற்காக ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. வீட்டில் இரும்புக் கட்டிலை யாராவது தரையில் இழுத்தால் அந்த உரசல் சத்தத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். தம்பி ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்து போகும்போது இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து வலது கால் வலிக்கும். உங்களுக்குத் தூக்கமே கெடுகிற அளவுக்கு இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், நான் பார்க்காமல் சமாளித்தது வீரம் இல்லை, சோம்பேறித்தனம்.

டிசம்பரில் வண்டியை எடுத்தேன். நேராக ரோட்டுக்குப் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத மைதானம், கெட்டியான தரை. 20-இல் போய் ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது, பிறகு 30, பிறகு 40. முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல் எலுமிச்சம்பழத்தைப் பிழிகிற மாதிரி அழுத்திக்கொண்டே போக வேண்டும். மணலிலோ, வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போதோ இதைச் செய்யாதீர்கள், அங்கே முன்னாடியே வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். கியர் மாற்றும்போது இடது கணுக்கால் இன்றைக்கும் கொஞ்சம் பிடிக்கும், கோயிலில் முட்டி போட்டால் ராடு போன இடத்தில் வலிக்கும், அது பழகிவிட்டது. ஹெல்மெட்டைப் புதிதாக வாங்கினேன். பழையதில் தாடைப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குத் தேய்ந்திருந்தது, அது இல்லையென்றால் தேய்ந்திருப்பது என் தாடை. ஒரு தடவை அடி வாங்கினால் உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கிவிடும், வெளியே நன்றாக இருந்தாலும் மறுபடி காக்காது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அந்த இடத்தில் நிறுத்தினேன். மண் ரோட்டு முனையில் டீக்கடை, பெரியவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை, காலைக் காட்டிய பிறகு எழுந்துவிட்டார். ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன், "ஐயா, அன்னைக்கு நான் ஹார்ன் அடிச்சேனே, கேக்கலையா?"

"ஹார்ன் அடிச்சியா தம்பி? என் வண்டிச் சத்தத்துல எனக்கு எங்க கேக்குது."

சைலன்ஸர் ஓட்டையாம், ரொம்ப வருஷமாக. டீக்கு அவர்தான் காசு கொடுத்தார், நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.