மாநாட்டுக்குப் போக 45,000 ரூபாய் செலவழிக்கலாமா?

கேள்வி: அக்கா, நான் கொக்குவிலில் இருந்து தனியாளாகக் கணினி வேலை செய்கிறேன். பலசரக்குக் கடைகள், ஹாட்வெயார், இரண்டு மருந்துக்கடைகள், ஒரு ரியூசன் சென்ரர், ஒரு விருந்தினர் விடுதி என்று 18 இடங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. சிறு வியாபாரங்களுக்கு ஐ.ரி. ஆலோசனை செய்கிறவர்களுக்கென்று கொழும்பில் இரண்டு நாள் மாநாடு நடக்கப்போகிறது. பதிவுக் கட்டணம், பயணம், அறை எல்லாம் சேர்த்தால் 45,000 ரூபாய் வரும். "யூரியூப்பில் இல்லாததையா அங்கே சொல்லப்போகினம்?" என்று மனைவி கேட்கிறா. எனக்கு ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், கதைக்கக் கூச்சம். நான் இல்லாத நேரம் கடைக்காரர் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. போகட்டா, விடட்டா?
— கொக்குவில் வாசகர்

பதில்: போங்கள் தம்பி.

மனைவி கேட்டதில் நியாயம் இருக்கிறது. மேடையில் பேசப்படுகிறதில் பெரும்பகுதியை வீட்டில் இருந்தே ஆறுதலாகத் தேடிப் படிக்கலாம். ஆனால் உங்களைப் போலவே குருநாகலிலோ மாத்தறையிலோ மட்டக்களப்பிலோ தனியாளாக நின்று பத்திருபது கடைகளைக் கட்டிக் காக்கிற ஒருவரை யூரியூப்பில் பிடித்து "நீங்கள் மாதம் எவ்வளவு வாங்குறீங்கள்?" என்று கேட்க முடியாது. அந்த ஒரு கேள்விக்காகவே போகலாம் என்பது என் எண்ணம்.

ஏன் சொல்கிறேன் என்றால், யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் ஒருவரோடு ஒருவர் மனம் விட்டுக் கதைப்பது குறைவு. அதுக்குக் காரணமும் இருக்கிறது, இன்றைக்கு உங்களிடம் இருக்கிற கடை நாளைக்கு அவரிடம் போகலாம், அவருடையது உங்களிடம் வரலாம், அப்படியிருக்க யார் தன் விலையை வாய் திறந்து சொல்வார்? குருநாகல்காரருக்கு உங்கள் ஸ்டான்லி வீதிக் கடை தேவையில்லை. ஆகவே அவர் சொல்வார். எவ்வளவு வாங்குகிறார், எதற்கு வாங்குவதில்லை, காசு தராமல் இழுத்தடிக்கிற முதலாளியை எப்படிச் சமாளிக்கிறார், எந்த மென்பொருள் விற்கிற ஆள் பிறகு போன் எடுக்கவே மாட்டார் என்பதெல்லாம் தேநீர் இடைவேளையில்தான் வெளியே வரும். நான் போன மாநாடுகளில் எனக்கு உதவினது எல்லாம் அப்படிக் கிடைத்ததுதான். எனவே காலையிலிருந்து மாலை வரை ஒரு அமர்வும் விடாமல் இருக்கவேண்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் வேலைக்குத் தொடர்பில்லாத பேச்சு ஓடுகிற நேரம் எழும்பி வெளியே வாருங்கள், வெளியே நிற்கிறவரோடு கதையுங்கள்.

விலை விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, எனக்கோ அதுதான் பெரிதாகப் படுகிறது. இரவு எட்டு மணிக்கு சுன்னாகத்தில் இருந்து போன் வரும், "தம்பி, பில் அடிக்குதில்லை, ஒருக்கா வந்து பாருங்கோ." மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள். போய்ப் பார்த்தால் கூட்டும்போது மேசையை நகர்த்தினதில் பிரிண்டர் வயர் கழன்றிருக்கும். செருகிவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்புவீர்கள். காசு கேட்க வாய் வராது, அவருக்கும் கொடுக்கத் தோன்றாது, பெற்றோல் உங்களுடையது. இப்படி எத்தனை இரவு போயிருக்கும்! மாதாந்த ஒப்பந்தம் என்று ஒன்று வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் இப்படியான மாநாடுகளுக்கு வருவார்கள். அவர்களிடம் வடிவாகக் கேளுங்கள். மாதத் தொகைக்குள் என்னென்ன அடங்கும், எத்தனை தடவை நேரில் போவார்கள், இரவிலும் ஞாயிறிலும் கூப்பிட்டால் தனிக் கட்டணமா, புதுக் கணினி வாங்கிக் கொடுத்தால் அது இதற்குள் வருமா, ஒப்பந்தத்தை எத்தனை பக்கத்தில் எழுதுகிறார்கள். முடிந்தால் விலையை மறைத்துவிட்டு அந்தத் தாளை ஒருக்கா காட்டச் சொல்லுங்கள். காட்டுவார்கள், மனிதர்கள் தங்கள் கையால் செய்ததைக் காட்ட விரும்புவார்கள்.

அடுத்தது, வெறுங்கையோடு போகவேண்டாம். உங்கள் 18 இடங்களில் இருந்து, இதுவரை தீர்க்க முடியாமல் இழுபடுகிற பிரச்சினைகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கு இப்போதே சில தெரிகிறது.

விண்டோஸ் 10 க்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத புரோசசரும் வேண்டும். நம்முடைய கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தூசு படிந்து நிற்கிற கணினிகளில் எத்தனை அதற்குத் தாங்கும்? 18 முதலாளிமாரிடமும் போய் "புதுசு வாங்குங்கோ" என்றால் உங்களைத் துரத்திவிடுவார்கள். மற்றவர்கள் எந்த மெசினை முதலில் மாற்றினார்கள், எதை இணையத்தில் இருந்து கழற்றி பில் போட மட்டும் விட்டார்கள், முதலாளிக்கு எப்படி விளங்கப்படுத்தினார்கள் என்று கேளுங்கள்.

எழுத்துருப் பிரச்சினையையும் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். இங்கே எத்தனையோ கடிதங்களும் பெயர்ப் பட்டியல்களும் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து ஒரு குப்பையாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது, புது மென்பொருளுக்குள் ஏற்றவும் முடியாது. இது யாழ்ப்பாணத்துக்கு மட்டுமான தலையிடி என்று நினைக்கவேண்டாம். சிங்களத்தில் எப்.எம். அபய என்ற எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிற அலுவலகங்களுக்கும் இதே கதைதான். ஆகவே சிங்கள ஆலோசகர் ஒருவரோடு பேச்சுத் தொடங்க இதைவிட நல்ல விஷயம் கிடையாது. மொத்தமாக, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றும்போது எங்கே எழுத்துப் பிசகினது, யாரை வைத்துச் சரிபார்த்தார்கள் என்று இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதைக்கலாம்.

மற்றது பக்அப். பில் மென்பொருள் ஒவ்வொரு இரவும் எங்கே பிரதி எடுக்கிறது என்று போவதற்கு முதல் பாருங்கள். அதே கணினியின் டி டிரைவுக்கா? இல்லாவிட்டால் பின்னால் மழை வெயில் என்றில்லாமல் செருகியே கிடக்கிற பென் டிரைவுக்கா? கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வெயார் வந்தால், அந்த நேரம் செருகியிருக்கிறதையும் சேர்த்துத்தான் பூட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று கட்டடத்துக்கு வெளியே என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் 18 இடத்தில் எத்தனையில் அப்படி இருக்கிறது? மருந்துக்கடை என்றால் நோயாளியின் பெயரும் அவர் எடுக்கிற மருந்தும் அதில் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி அக்கறையோடு காக்கவேண்டிய வகைக்குள் வைக்கிறது. கடைக்காரரின் தரவை உங்கள் லப்டொப்பிலோ உங்கள் பெயரில் இருக்கிற கிளவுட் கணக்கிலோ வைத்திருந்தால் உங்கள் பொறுப்பு என்ன என்பதை அங்கே பேச வருகிற சட்டம் தெரிந்தவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அந்தக் கேள்வியை மட்டும் மண்டபத்திலேயே எழும்பிக் கேளுங்கள், மற்றவர்களுக்கும் பயன்படும்.

ஸ்டோல் போட்டிருக்கிற கம்பனிகளிடம் அவதானம். அவர்கள் விற்க வந்தவர்கள், அதில் பிழையில்லை, நன்றாகக் கதைப்பார்கள், பை தருவார்கள், "இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்பார்கள். அன்று எதிலும் கையெழுத்து வைக்கவேண்டாம். முக்கியமாக விலை ரூபாயிலா டொலரிலா என்று கேளுங்கள். 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. மாதச் சந்தாவை டொலரில் கட்டிக்கொண்டு வாடிக்கையாளரிடம் ரூபாயில் விலை பேசியிருந்தவர்கள் பட்ட பாட்டை அங்கே வருகிறவர்களே சொல்வார்கள். குறைந்தது எத்தனை பேருக்கு எடுக்கவேண்டும், வருடம் முழுக்கக் கட்டுப்படவேண்டுமா, விட்டு விலகினால் நம்முடைய தரவு எந்த வடிவத்தில் திரும்பக் கையில் வரும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்துக்கு வருவோம். தம்பி, அங்கே வருகிற கனபேர் உங்களைப் போல வாசித்து விளங்குகிறவர்கள்தான், கதைக்கும்போது தடுமாறுகிறவர்கள்தான். "நான் யாழ்ப்பாணத்தில் 18 சிறு கடைகளின் கணினிகளைத் தனியாகப் பார்க்கிறேன், நீங்கள் எந்த ஊரில், என்ன மாதிரி இடங்களைப் பார்க்கிறீர்கள்?" இவ்வளவையும் ஆங்கிலத்தில், கொஞ்சம் சிங்களம் தெரிந்தால் அதிலும், வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள். அதற்குப் பிறகு மற்றவர் கதைப்பார், நீங்கள் கேட்டால் போதும். ஒன்றே ஒன்று, சாப்பாட்டு நேரத்தில் யாழ்ப்பாணப் பெடியள் எல்லாம் ஒரு மேசையில் கூடி இருக்கவேண்டாம். நம் ஆட்களை இங்கே சந்திக்கலாம்.

கடைக்காரர் விட்டுவிடுவார்கள் என்ற பயம். இரண்டு நாள் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகிறவரை ஆட்கள் விடுவதில்லை, போன் எடுக்காத ஆளைத்தான் விடுவார்கள். ஒரு கிழமைக்கு முதல் எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் எழுதுங்கள், எதற்குப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். தங்கள் ஆள் கொழும்பில் மாநாட்டுக்குப் போகிறார் என்பது முதலாளிமாருக்கு மரியாதையான விஷயம். போகிறதுக்கு முந்தின இரண்டு மூன்று நாளில் எந்த இடத்திலும் அப்டேட்டோ புது மென்பொருளோ போடாதீர்கள். தூரத்தில் இருந்தே கணினியை இயக்க உதவுகிற எனிடெஸ்க் மென்பொருளை நம்பி மட்டும் போகவும் வேண்டாம். 2024 ஜூலை 19 ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்புக் கம்பனியின் ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்ததே, அதில் பெரும்பாலானவற்றைத் தூரத்தில் இருந்து எழுப்ப முடியவில்லை. ஒவ்வொரு கணினிக்கும் முன்னால் ஒரு ஆள் போய் நின்று சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் இயங்குகிற நிலையில், திறந்து அந்த அப்டேட்டோடு வந்த பிழையான கோப்பை அழிக்கவேண்டியிருந்தது. அப்படியொரு ஆள் உங்களுக்கும் ஊரில் வேண்டும். தொழிலில் நாணயமான ஒரு நண்பரைப் பிடித்து, எந்தக் கடையில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அந்த இரண்டு நாளுக்கும் காசு பேசிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நட்புக்காகச் சும்மா பார்க்கச் சொல்லவேண்டாம். அவர் வெளியே போகிற நாளில் அவருடைய இடங்களை நீங்கள் பாருங்கள், நீங்கள் சுகமில்லாமல் படுத்தாலும் இந்த ஏற்பாடு கைகொடுக்கும்.

செலவைக் குறைக்கலாம். வெள்ளவத்தையில் சொந்தக்காரர் இல்லாத யாழ்ப்பாணத்தார் குறைவு, அறைக் காசு மிஞ்சும். ஆனால் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் வந்து இறங்கி முகத்தைக் கழுவிவிட்டு நேரே மண்டபத்துக்குப் போகவேண்டாம், முதல் நாளின் நல்ல பேச்செல்லாம் நித்திரையில் போய்விடும். ஒரு நாள் முந்தியே போய்ப் படுத்து எழும்புங்கள். சொந்தக்காரர் வீட்டுச் சந்திப்புகளை மாநாடு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டிப் பதிந்தால் கட்டணம் குறையுமா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுப் பாருங்கள், கேட்காதவருக்கு யாரும் குறைப்பதில்லை.

மனைவிக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். திரும்பி வந்து உங்கள் 18 இடங்களில் இரண்டே இரண்டை மாதம் 4,000 ரூபாய் ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தால் ஆறு மாதத்தில் 48,000. அதற்காகத்தான் போகிறேன் என்று அவவிடம் சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். வந்த கிழமையே, அங்கே கேட்டது மறக்கமுதல், மருந்துக்கடை ஒன்றின் பக்அப்பை எடுத்து வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால் அந்த முதலாளியைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டுங்கள், திறக்காவிட்டாலும் காட்டுங்கள். மாதாந்த ஒப்பந்தப் பேச்சை அவரோடு தொடங்க அதுதான் சரியான நேரம்.