மக்கள் கொண்டாடிய படங்கள் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் ஏன் இடம்பெறுவதில்லை?

நடுவர்களுக்கு மக்கள் ரசனை புரியவில்லை என்பதுதான் இதற்கு வழக்கமாக வரும் பதில். அதில் எனக்கு உடன்பாடில்லை. பட்டியலை யார் தயாரிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். நடிப்புக்கு நடிகர்கள் பரிந்துரைக்கிறார்கள், படத்தொகுப்புக்கு எடிட்டர்கள், ஒளிப்பதிவுக்கு ஒளிப்பதிவாளர்கள். சிறந்த படத்துக்குத்தான் ஆஸ்கரைத் தரும் திரைத்துறை அமைப்பான அகாதமியின் எல்லா உறுப்பினர்களும் சேர்ந்து ஓட்டுப் போடுகிறார்கள். இது தொழில்காரர்கள் தங்கள் சக தொழில்காரர்களுக்குத் தரும் மரியாதை. அது வசூல் வரிசைப்படி வர வேண்டிய அவசியமே இல்லை.

2009 ஆஸ்கரில், அமெரிக்காவில் மட்டும் 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்த 'தி டார்க் நைட்' 8 பரிந்துரைகள் வாங்கியும் சிறந்த படத்துக்கான பட்டியலில் இடம்பெறவில்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டு ஜூனிலேயே அகாதமி சிறந்த படத்துக்கான 5 இடங்களை 10 ஆக்கியது. அடுத்த விழாவில் 'அவதார்' பட்டியலுக்குள் வந்தது, ஆனால் ஜெயித்தது அமெரிக்காவில் 2 கோடி டாலரைக்கூடத் தொடாத 'தி ஹர்ட் லாக்கர்'. என்னைக் கேட்டால் அது சரியான முடிவு.

2018-இல் 'மக்கள் விரும்பிய படம்' என்று தனியாக ஒரு விருது அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் ஒரே மாதத்தில் தள்ளிவைத்துவிட்டார்கள். நல்லவேளை. ஓடிய படத்துக்கு ஒரு பந்தி, நல்ல படத்துக்கு இன்னொரு பந்தி என்று பிரிப்பதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. அன்றைக்கு வசூலில் உலகச் சாதனை படைத்த 'டைட்டானிக்'தானே 1998-இல் 11 விருதுகளையும் அள்ளியது?

ஆனால் ஒரு விஷயத்தில் மக்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. பேய்ப்படம், நகைச்சுவை, ஆக்‌ஷன் என்றாலே உறுப்பினர்கள் பலரும் அதிலிருக்கும் உழைப்பைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். 'ஹெரிடிட்டரி'யில் டோனி கோலெட் சாப்பாட்டு மேசையில் மகனிடம் வெடிக்கும் காட்சியைப் பாருங்கள். மகளை இழந்த துக்கம், மகன் மேல் உள்ள கோபம், அந்தக் கோபத்தைக் காட்டிவிட்டோமே என்ற தவிப்பு எல்லாம் ஒரே மூச்சில் அந்த முகத்தில் வந்து போகும். அவருக்குப் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. அந்தப் படம் வந்தது ஜூனில், பரிந்துரை அறிவிப்பு ஜனவரியில். நூற்றுக்கணக்கான படங்கள் போட்டியில் இருக்கும்போது, விருதை மனதில் வைத்து ஆண்டுக் கடைசியில் இறக்கி, விளம்பரமும் செய்யும் படங்கள்தான் நினைவில் நிற்கும். ஒரு பிரிவில் பரிந்துரையான எல்லாப் படங்களையும் பார்த்தால்தான், வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும் இறுதிச் சுற்றில் ஓட்டு என்று 2025-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். சரி, நல்லதுதான். ஆனால் பட்டியலுக்கே வராத படத்துக்கு அதனால் என்ன பயன்?

அப்புறம் சண்டைக் கலைஞர்கள். மக்கள் விசிலடிக்கும் காட்சிகளை உயிரைப் பணயம் வைத்து எடுத்துத் தருகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கென்று ஆஸ்கரில் ஒரு பிரிவு 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் வரப்போகிறது. முதல் விருதை 2028-இல் நடக்கும் 100-வது விழாவில் தருவார்கள். பட்டியல் மேல் நமக்கு இருக்கும் கோபத்தை வசூலுக்காகக் காட்டுவதைவிட, இப்படி விடுபட்டுப்போகும் உழைப்புக்காகக் காட்டலாம் என்பது என் கருத்து.